பன்னிரு தந்திக் கிற்றாரும் நாமும்

விழா மலருக்குக் கட்டுரை தருக எனப் பணித்த மலர்க்குழுவினர், தமிழாசிரியராகிய நாம் பழஞ்செய்யுள் ஒன்றுக்கு நயம் உரைப்போம் என்றே எண்ணியிருப்பர். நாமோ மேனாட்டு இசைக்கருவி ஒன்றைப் பற்றி எழுதப் புகுகின்றோம். பழைய மாணவர் பொறுத்தருள்க. இக்கல்லூரியிற் பயின்ற காலத்தில் எமது உடைமையாயிருந்த பன்னிரு தந்தி மின் கிற்றாரே அக்கருவி.

உலகில் இக்கருவி பெரும்பெயர் பெற்றது 1964 ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு பெப்ரவரியில், அமெரிக்கா சென்றிருந்த பீற்றில்ஸ் குழுவினருள் ஒருவரான ஜோர்ஜ் ஹரிசனுக்கு றிக்கன்பாக்கர் நிறுவனத்தார் நியூயோர்க் நகரில் ஒன்றை வழங்கினர். அவர் மீட்டிய ஒலி எங்கும் பரவவே, பிறரும் அவ்வகைக் கருவிகளைச் செய்யலாயினர். எம்முடையது யப்பானிற் செய்யப்பட்டது. எம் அம்மான் இளமையிற் கொழும்பில் இசைக்குழு ஒன்றில் வாசிப்பதற்கென வாங்கியது. 1983 ஆடிக் கலவரத்தில் வீடிழந்து, அகதிகளை ஏற்றிவந்த கப்பலிற் காங்கேசன்துறையில் அவர் வந்திறங்கியபோது, உடுத்த உடையும் அக்கருவியுமே அவரிடம் எஞ்சியிருந்தன. 1990 இல் வெளிநாடு சென்றவர் அதனை எம்மிடம் ஒப்படைத்தார். அப்போது எமக்கு வயது பத்து.

அதன் தந்திகள் ஆறு சோடிகளாய் அமைந்தவை. தடித்த நான்கு தந்திகளின் பக்கத்தில், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி ஒவ்வொன்று நிற்கும். எஞ்சிய இரு சோடிகளிலும் இரண்டு தந்திக்கும் சுருதி ஒன்றே. எத்துணை கவனமாகச் சுருதி கூட்டினும் இரண்டும் முற்றும் ஒன்றாகா. அந்த அணுவளவு வேறுபாட்டினாலேயே ஒலி அலையலையாய் மினுங்கும். பழந்தமிழிசையார் சுரங்களின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என வகுத்தமையைக் கற்பிக்குந்தோறும் எமக்கு அச்சோடித் தந்திகளே நினைவுக்கு வரும்.

மின் கிற்றார் எம் கைக்கு வந்த அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. உட்குடைவில்லாத அக்கருவி மின்னின்றி ஈயின் இரைச்சலளவே ஒலிக்கும். மரத்திற் காதை வைத்தே பழகினோம். பற்றரிக்கும் தடை. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, நண்பர் ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு பழைய வானொலிப் பெட்டியூடாக அதனை ஒலிக்கச் செய்தோம். அவர் கை ஓய்ந்தால் எம் இசையும் ஓயும். தந்தி அறுந்தால் பிறேக் கம்பியில் ஓரிழை உரித்துக் கட்டுவோம். கல்லூரி வாணி விழாவில் ஒருமுறை அவ்வாறு வாசிக்க அமர்ந்தபோது, சங்கீத ஆசிரியர் அருகில் வந்து, ஒன்றும் கூறாது குனிந்து, சுருதி பிசகிய தந்தியொன்றைத் திருத்திவிட்டுச் சென்றார். நாம் பெற்ற பரிசில்களுள் அதுவே தலையாயது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தது. சைக்கிளில் ஏற்றுவது அரிசியா கிற்றாரா என்று அம்மாவிடம் கேட்கவேண்டியிருக்கவில்லை. கருவியைப் பரண்மேல் வைத்துவிட்டு மழையில் நடந்தோம். அம்மான் தீயினின்று காத்துக் கொணர்ந்ததை நாம் விட்டுச் செல்கின்றோமே என்ற எண்ணம் வழிநெடுக எம்மை அறுத்தது.

1996 இல் மீண்டபோது அது பரணிலேயே கிடந்தது. ஆயினும் பன்னிரு தந்திகளையும் இறுக்கியபடியே விட்டுச் சென்றமையால், அவற்றின் இழுவை தாங்காது கழுத்து வளைந்திருந்தது. தளர்த்திவிட்டுச் செல்ல வேண்டுமென்பது அன்று எமக்குத் தோன்றவில்லை. குற்றம் எம்முடையதே என்று அம்மானுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். பல வாரங்களின்பின் மறுமொழி வந்தது: "கிற்றார் கிடக்கட்டும், தம்பி. நீங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை முதல் வரியிலே எழுதியிருக்கலாமே."

தச்சர் ஒருவர் அக்கழுத்தை ஒருவாறு நிமிர்த்தித் தந்தார். இழுவை குறையும்பொருட்டு இரண்டு சுருதி இறக்கி இன்றும் மீட்டுகின்றோம். அம்மான் இப்போது இல்லை. 'நலம், நலமறிய அவா' எனக் கடிதந் தொடங்குவது வெறுஞ் சடங்கன்று என மாணவர்க்கு ஆண்டுதோறும் வற்புறுத்துவோம். காரணத்தை இதுவரை கூறியதில்லை. இன்று கூறினோம்.

கல்லூரியன்னை நீடு வாழ்க!