எள்ளுத்தாத்தாவுக்கு நான் எழுதிவைத்த நிலம்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திண்டிவனத்தில் நடத்தினோம். மண்டப வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில் பத்தடி உயரத்துக்கு ஒரு பேனர் வைத்திருந்தேன். எங்கள் ஆறு தலைமுறை வம்சாவளி. உச்சியில் எள்ளுத்தாத்தாவின் பெயர். அதன் கீழே ‘பன்னிரண்டு ஏக்கர் நன்செய்க்குச் சொந்தக்காரர்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரிய அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, அந்தக் காணிக்காரரு நம்மாளு இல்லடா. அவரு பண்ணையாரு. அவரு வூட்டுல படியாளா கெடந்தவருதான் எங்க தாத்தாவோட அப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பண்ணையாருக்குக் கோவம் வருமாம். அதனால நம்மாளை ‘சின்னவன்’னுதான் ஊரே கூப்பிடுமாம். எங்க தாத்தா சொல்லிச் சொல்லி அழுவாரு.”

அன்று இரவு நானே போய் அந்தப் பேனரை அவிழ்த்தேன்.

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் அலைந்திருந்தேன். எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் குடும்ப வரலாறு தேடப் புறப்படுகிறவருக்கு முதல் தடுமாற்றம் மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1993 செப்டம்பர் 30-க்கு முன் விழுப்புரம் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் தென்னார்க்காடு; தலைமையிடம் கடலூர். பழைய காகிதத்துக்கு அங்கே போ என்பார்கள், போனால் இங்கே வா என்பார்கள். கிராமத்துப் பிறப்பு இறப்புக் கணக்கு ஒரு காலத்தில் மணியக்காரர் கையில் இருந்தது. 1980-ல் கர்ணம், மணியம் என்று பரம்பரையாக வந்த பதவிகளை அரசு ஒழித்தது. ஒழித்தது நியாயம்தான். ஆனால் எங்கள் ஊரின் பழைய புத்தகத்தை நான் தேடியபோது, கரையான் அரித்த சில பக்கங்கள்தான் மிஞ்சியிருந்தன. அதிலும் குழந்தையின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. வில்லங்கச் சான்றை இணையத்தில் அப்போது 1975 முதல்தான் பார்க்க முடிந்தது. அதற்கு முந்தையதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படி அலுத்துப்போயிருந்த ஒரு நாளில்தான் பழைய நிலப் பதிவேட்டின் நகல் ஒன்றில் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. அதே ஊர், அதே பெயர், காலமும் ஒத்துவந்தது. ‘நமக்கும் ஒரு காலத்துல காணி இருந்துதுப்பா’ என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தகப்பன் பெயரைச் சரிபார்த்திருக்க வேண்டும். அத்தையை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையைச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

பட்டா, நிலம் வைத்திருந்தவனின் பெயரைத்தான் சொல்லும். அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவனை அதற்குத் தெரியாது. உழைத்தவனை எழுதிவைத்த காகிதமும் உண்டு. ஒருமுறை தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்விகம் தேடி வந்த ஒரு குடும்பம், தங்கள் முன்னோரின் கப்பல் பட்டியல் நகலைக் காட்டியது. 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டம் முதலிய வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை அந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். கடல் கடந்து விற்கப்பட்ட உழைப்புக்கு அப்படியொரு கணக்கு. ஊரிலேயே இருந்து உழைத்துச் செத்த என் எள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வரி கிடையாது. உயிரோடு இருந்தபோது அவர் பெயரைப் பண்ணையார் எடுத்துக்கொண்டார். செத்த பிறகு, அவர் இடத்தில் அதே பண்ணையாரைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன், அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து. பெட்டியின் அடியில் கொள்ளுத்தாத்தாவின் கருமாதிச் செலவு நோட்டு இருந்தது. பென்சில் எழுத்து. ‘கீலக வருஷம் தை’ என்று தொடங்கியது. தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அது 1909-ஆகவும் இருக்கலாம், 1969-ஆகவும் இருக்கலாம். அத்தை யோசிக்கவே இல்லை. “அண்ணா செத்தாரே, அதே மாசம்டா.” அறிஞர் அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. தை மாதம்தான்.

அரிசி, எண்ணெய், கோடித் துணி என்று கணக்குப் போட்ட பக்கத்துக்கு அடுத்து, தீட்டுக்காரப் பங்காளிகளின் பெயர்கள் இருந்தன. மூன்று பெயர்களுக்கு எதிரே மேல்மலையனூர் பக்கத்து ஊர் ஒன்று. எங்கள் குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன் என்பதால் அந்த ஊர் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சொத்துக்கணக்கில் இல்லாதவர்கள் சாவுக்கணக்கில் இருந்தார்கள். அந்த ஊருக்குப் போனேன். ஒரு பெரியவர், எள்ளுத்தாத்தா பிழைப்புக்காகத் திண்டிவனம் பக்கம் போன கதையையும், அவருடைய அம்மாவின் பெயரையும் சொன்னார். அதைப் பென்சிலில்தான் எழுதிவைத்திருக்கிறேன். இன்னொருவர் வாயிலிருந்தும் அதே பெயர் வந்த பிறகுதான் பேனாவால் எழுதுவேன்.

தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். காகிதத்தில் ஒரு பெயர் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அது வேறு யாராக இருக்கலாம் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். பட்டப்பெயரையும் கேட்டு எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலியிடமும் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறது.

புதிய வம்சாவளியை ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதினேன். இந்த முறை பெண்களின் பெயர்களும் உண்டு. அத்தையிடம் படித்துக் காட்டினேன். எள்ளுத்தாத்தாவின் பெயர், பக்கத்தில் ‘சின்னவன் என்று அழைக்கப்பட்டவர், படியாள், நிலம் இல்லை.’ அத்தை அந்த வரிமேல் விரலை வைத்தார். பிறகு விரலை மேலே நகர்த்தி, எழுத்தில்லாத கட்டத்தைத் தொட்டார்.

“இங்க என்ன?”

“அவரோட அப்பா, அத்தை. பேர் தெரியல.”

“இருக்கட்டும்” என்றார். “எடம் வுட்டிருக்கியே, அது போதும்.”