வீட்டுக்கு வராத ராத்திரிகள்

ஆடிட் வேலையில் நான் ஹோட்டல்களில் தூங்கிய ராத்திரிகள் எல்லாம் புள்ளிகளாகச் சேர்ந்திருந்தன. பெரும்பாலான ஹோட்டல்களில் புள்ளிகள் அறைக்கு மட்டும்தான், சாப்பாட்டுக்குத் தனி பில். ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட் என்றால் மூன்று வேளைச் சாப்பாடும் அதற்குள்ளேயே அடக்கம். 1950இல் கிளப் மெட் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்துப் பரப்பிய ஏற்பாடு இது.

அம்மாவை அரியலூரிலிருந்து திருச்சிக்குக் கூட்டிவந்து, கொழும்பு விமானம் பிடித்து, பெந்தோட்டை போய்ச் சேர்ந்தேன். கையில் பட்டை கட்டிவிட்டார்கள்.

"இதுக்கு எவ்ளோடா?"

"காசு இல்லம்மா, பாயிண்ட்ஸ்."

"சும்மா எவன் குடுப்பான்?"

வெளியூரில் தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் மொய் நோட்டு மாதிரி எழுதி வைப்பார்கள் என்றேன். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை.

"அப்ப இதெல்லாம் நீ வீட்டுக்கு வராத ராத்திரிங்க."

என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் மணலில் ஒரு கிளிஞ்சலை எடுத்து, "நம்மூர் ஓடையில கெடக்குமே, அதுதானே" என்றாள். அதுவேதான், கல்லாகாதது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடல். பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம் அந்தக் கடலில் புதைந்ததுதான். சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அங்கே படிந்ததே. அப்பா முப்பது வருஷம் அந்தக் கல்லைத்தான் லாரியில் ஏற்றினார். கடலை ஒருமுறைகூடப் பார்க்காமலே போய்விட்டார்.

மறுநாள் பஃபேயில் அம்மா இரண்டாவது தட்டு எடுத்தாள்.

"ஒங்கப்பா பங்கு."