அரசின் பிள்ளைகள்

தாய் தந்தையரை இழந்த பிள்ளையைப் பேணுவது உறவினர் கடமை. உறவினர் இல்லாவிடத்து அது ஊரார் கடமை. இஃது நம் சமுதாயத்தில் வழிவழியாக நிலவிவரும் எண்ணம். எத்தீம் பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் நம் இல்லங்களில் எழும் இரக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், உறவும் ஊரும் இன்னும் வேரூன்றாத குடியேற்ற நாடொன்றில் அப்பிள்ளையின் கதி யாது? அரசே தாயும் தந்தையுமாக நிற்க முற்படின் விளைவது யாது? இவ்வினாக்களோடு நாம் சில காலமாகப் படித்து வந்தவற்றுள், நியூசிலாந்தின் தொழிற்பள்ளிகள் பற்றிய வரலாறு நம் நெஞ்சை மிகவும் உலுக்கிற்று.

கடல் கடந்து அங்கே குடியேறிய பிரிட்டிஷ் மக்கள், தாய்நாட்டின் ஏழையர் உதவிச் சட்டத்தைத் தம்மோடு கொண்டு செல்லவில்லை. ஆதரவற்றோரை அவர்தம் நெருங்கிய உறவினரே தாங்க வேண்டும் என்று 1846-ஆம் ஆண்டின் ஆணை ஒன்று விதித்தது. உறவினரோ பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தனர்! 1861-இல் ஒட்டாகோ மாநிலத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டது. ஆடவர் பொன்னைத் தேடிச் சுரங்கம் சுரங்கமாக அலைந்தனர். சிலர் திரும்பி வரவேயில்லை. கைவிடப்பட்ட மனைவியரும் மக்களும் டனீடின் நகரத் தெருக்களில் வாடினர்.

இந்நிலையில் 1867-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயரே கருதத்தக்கது: 'புறக்கணிக்கப்பட்ட, குற்றமிழைத்த பிள்ளைகள் சட்டம்.' புறக்கணிக்கப்பட்டோருக்குத் தொழிற்பள்ளி, குற்றமிழைத்தோருக்குச் சீர்திருத்தப்பள்ளி எனச் சட்டம் இருவகையாகப் பிரித்தது. ஏட்டில் இருந்த இப்பிரிவு நடைமுறையில் நிலைக்கவில்லை. டனீடினை அடுத்த கேவர்ஷாமில் 1869-இலும், கேன்டர்பரி மாநிலத்துப் பர்னமில் 1874-இலும் பள்ளிகள் எழுந்தன. வறுமையால் வந்த பிள்ளையும் திருட்டுக்காக வந்த பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தனர். இருசாராரையும் பிரித்து வைக்கும் முறை 1900-ஆம் ஆண்டு அளவில்தான் உருவாயிற்று.

தொழிற்பள்ளி என்றதும் தச்சும் தையலும் முறையாகக் கற்பிக்கும் கூடம் என்று நாம் எண்ணுதல் கூடும். அச்சொல்லுக்கு அன்றைய பொருள் வேறு. உழைப்பைப் பழக்கமாக்குவதே நோக்கம். சிறுவர் வயலில் உழைத்தனர். சிறுமியர் துணி வெளுத்தனர், தைத்தனர், சமையற் பணி புரிந்தனர். பின்னர் அவர்கள் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அதிகாரம் நீதிபதியிடம் இருந்தது. பசித்திருந்ததைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளையும் காவலரோடு வழக்குமன்றப் படியேறியே வர வேண்டியிருந்தது. அவ்வாறு வந்த பிள்ளையை ஊர் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அரசு நன்மையே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1882-ஆம் ஆண்டின் தொழிற்பள்ளிகள் சட்டத்தை ஒட்டி, பிள்ளைகளைக் குடும்பங்களில் ஒப்படைத்து வளர்க்கும் முறை பரவலாயிற்று. வளர்ப்போருக்கு வாரந்தோறும் பணம் வழங்கப்பட்டது. பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு பொதுப்பள்ளி சென்றனர். பெருங்கூடத்தில் வரிசையாய்ப் படுத்துறங்கிய பிள்ளைக்கு ஒரு வீட்டின் அடுப்படி கிடைத்தது சிறிய பேறன்று.

ஆயினும், 1900-இல் வெளிப்பட்ட செய்தி அந்நாட்டைத் திடுக்கிடச் செய்தது. நெல்சன் நகரை அடுத்த ஸ்டோக் என்னுமிடத்தில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய தொழிற்பள்ளியை அரச ஆணையம் விசாரித்தது. சிறுவர் கடுமையாகப் பிரம்படி பெற்றதும், தனியறைகளில் அடைக்கப்பட்டதும் தெரியவந்தன. குற்றஞ்சாட்டப்பட்ட துறவியர் இருவர் வழக்கில் விடுவிக்கப்பட்டனர். 1908-இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் அரசே நடத்திய தே ஒராங்கா பெண்கள் இல்லம் விசாரணைக்குள்ளாயிற்று. அங்கே தண்டனையாகச் சிறுமியரின் கூந்தலைக் கத்தரித்த வழக்கம் வெளிவந்தது. ஒன்று சமயத்தார் நடத்தியது. மற்றொன்று அரசு நடத்தியது. இருவகை இல்லங்களிலும் இக்கொடுமை நிகழ்ந்ததெனில், நடத்துவோர் யார் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது.

இவற்றைப் படித்தபோது நமக்கு நம்மூர் நினைவே மேலோங்கிற்று. சில ஆண்டுகள் ஓர் அநாதை நிலையத்தின் கணக்குகளைப் பார்வையிடும் பணி நம்மிடம் இருந்தது. அரிசி இத்தனை மூட்டை, துணி இத்தனை கெஜம், தலைக்கு இவ்வளவு செலவு என யாவும் குறையின்றி எழுதப்பட்டிருந்தன. கொடையாளர் வரும் நாளில் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையணிந்து வரிசையில் நிற்பர். "சாப்பாடெல்லாம் நல்லா இருக்கா?" என்று வந்தவர் கேட்பார். "நல்லா இருக்குங்க" என்று அனைவரும் ஒரே குரலில் விடையளிப்பர். நிலையப் பொறுப்பாளர் அருகிலேயே நிற்பார். அங்கே கொடுமை நிகழ்ந்ததாக நாம் கூறவில்லை. நிகழ்ந்திருப்பினும் அதை அறிய நமக்கு வழி இருந்திராது என்பதே நாம் கூற விழைவது. பிள்ளை தன் குறையைச் சொல்வதற்கென்று அந்தப் பேரேட்டில் ஒரு பக்கமும் இல்லை.

நியூசிலாந்தில் 1925-இல் குழந்தைகள் நலச் சட்டம் வந்தது. சிறார்க்கெனத் தனி நீதிமன்றங்கள் அமைந்தன. பெயர்கள் மாறின, துன்பம் முற்றிலும் நீங்கவில்லை. 2018-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2024-இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் 2019 வரை அரசின் அல்லது சமய நிறுவனங்களின் பராமரிப்பில் இருந்த ஏறத்தாழ 6,55,000 பேருள் 2,00,000 பேர் வரை கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என அது மதிப்பிட்டது. அவருள் மாவோரி மக்கள் மிகுதி. அவ்வாண்டு நவம்பர் 12-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அம்மன்னிப்பைக் கேட்க உயிரோடிராதவர் எத்துணைபேர்!

நம் ஊர்களில் அநாதை நிலையங்களுக்கு வாரி வழங்கும் நல்லுள்ளங்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் ஒன்றை வேண்டுகிறோம். கொடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். முன்னறிவிப்பின்றி ஒருநாள் செல்லுங்கள். பொறுப்பாளர் அருகில் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அதன் பெயரைக் கேளுங்கள். பிறகு அது சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த மாதமும் சென்று, அதே பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள்.