ஐந்தாம் நாள் படம்

இரத்த அழுத்தத்தின் அளவைக் கேளாமலேயே கூறுவோர் உண்டு. சர்க்கரையின் அளவைப் பெருமிதம் தோன்ற ஒப்பிப்போரும் உண்டு. மலச்சிக்கலை மட்டும் நம்மவர் வீட்டின் பின்கட்டில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். வாய்திறந்து கூறாத நோய்க்கு அளவுகோல் எங்ஙனம் கிட்டும்?

லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்ந்த மூதாட்டி ஒருவரும் அவ்வாறே பூட்டி வைத்திருந்தார். விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். பின் நிரையில் நுழைந்தால் பாலெடுத்து முடிக்கும்வரை வேறு நினைவுக்கு இடமில்லை. இயற்கை அழைத்த வேளையில் அடக்கிக் கொள்வதே பழக்கமாயிற்று. லயன் வீடுகளுக்குப் பொதுவாயிருந்த கழிப்பிடத்தின் முன் வரிசையில் நிற்கக் கூசியதும் அப்பழக்கத்தை வளர்த்தது. நாற்பது வயதிற்குள் நிலாவரைத் தூள் அவருக்கு நாள்தோறும் வேண்டிய பொருளாகிவிட்டது. நெல்லைச் சீமையின் பெயரைத் தாங்கி உலகச் சந்தைக்கே செல்லும் அவ்விலை, பிஸ்கட்டு டின் ஒன்றில் அவர் தலைமாட்டிலேயே இருந்தது. அளவு மட்டும் ஆண்டுக்காண்டு கூடிற்று.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தவர். முன்னர் உண்டது செரித்ததா எனத் தேர்ந்தபின் உண்ணுமாறு அதில் அறிவுறுத்துவார். செரித்த பின்னும் உணவுக்கு நெடிய பயணம் உள்ளது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் சில மணி நேரமே தங்கும் உணவு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில் ஒரு நாளோ இரண்டு நாளோ, சிலரிடம் அதற்கு மேலுமோ தங்குகின்றது. அங்கே நீர் உறிஞ்சப்படுகின்றது. தங்கும் காலம் நீள நீள எச்சம் இறுகுகின்றது.

சிகாமட்டில் புறப்பட்ட சரக்கு வண்டி குளுவாங்கிற்கு வந்து சேரவில்லை என்று கொள்வோம். வண்டி தாமதம் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. லாபிஸில் நிற்கின்றதா, பெக்கோக்கில் நிற்கின்றதா, அன்றிக் குளுவாங் நிலையத்தின் வாயிலிலேயே கைகாட்டி விழாமல் காத்துக் கிடக்கின்றதா என்பதை அறிந்தாலன்றிச் சீர்செய்ய இயலாது. மூதாட்டியோ முப்பது ஆண்டுகளாக இஞ்சினுக்குக் கரியைக் கொட்டிக் கொண்டேயிருந்தார்.

இடத்தையும் காலத்தையும் ஒருங்கே அறியும் வழியை 1969-ஆம் ஆண்டில் ஹின்டன், லெனார்ட்-ஜோன்ஸ், யங் என்னும் மூவர் இங்கிலாந்தில் வெளியிட்டனர். எக்ஸ்ரே படத்தில் புலப்படும் சிறு பிளாஸ்டிக் துணுக்குகளை விழுங்கச் செய்து, அவை வெளியேறுவதை எண்ணினர். நலமுடையோரிடம் ஐந்தாம் நாள் முடிவுக்குள் நூற்றுக்கு எண்பது பங்கு வெளியேறிவிடும் என்பது அவர்கள் கண்ட வரம்பு. இன்று ஒரே மாத்திரைக் கூட்டில் 24 வளையங்களை வைத்துக் கொடுக்கின்றனர். ஐந்தாம் நாள் படத்தில் ஐந்துக்கு மேல் எஞ்சியிருந்தால் தாமதம் என்பர். இதில் இன்னொரு வகை, கணக்கு ஆசிரியர்கள் விரும்பத்தக்கது. நாளுக்கு 24 வளையம் வீதம் மூன்று நாள் விழுங்கி நான்காம் நாள் ஒரே படம் எடுத்தால், வயிற்றில் எஞ்சி நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு மணி நேரத்தைக் குறிக்கும். எண்ணி முடித்தாலே விடை வந்துவிடும்.

ஆயினும் ஒரு நாட்டில் செய்த அளவுகோல் எல்லா நாட்டிற்கும் பொருந்துவதில்லை. பர்க்கிட் என்னும் மருத்துவர் 1972-இல் தம் துணைவரோடு ஒப்பிட்டபோது, உகாண்டாவின் சிற்றூர் மக்களிடம் பயணம் ஏறக்குறைய ஒன்றரை நாளில் முடிந்தது; பிரிட்டிஷ் கடற்படைக் குடும்பத்தாரிடமோ மூன்று நாளையும் தாண்டியது. நார்ப்பொருள் மிகுந்த உணவே காரணம் என்று அவர் கருதினார். இந்தியர் பலரிடமும் பயணம் விரைவே. அத்தகையோருள் ஒருவருக்கு உண்மையாகவே தாமதம் இருப்பினும், ஐந்தாம் நாள் படத்தில் வளையம் ஒன்றும் தென்படாமல் ‘நலம்’ என்று எழுதி அனுப்பிவிட நேரும். இதனை உணர்ந்த லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்து கோஷலும் அவர் குழுவினரும், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை 20 வளையமாக மும்முறை கொடுத்து, 36-ஆம் மணியிலும் 60-ஆம் மணியிலும் படமெடுக்கும் முறையை ஆய்ந்து 2007-இல் வெளியிட்டனர். தம் மக்களுக்குத் தாமே கோல் செய்து கொண்ட அச்செயல் பாராட்டுக்குரியது.

மூதாட்டியை மகன் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது, மருத்துவர் உடனே வளையத்தைக் கொடுத்துவிடவில்லை. இரத்தப்போக்கு உண்டா, உடல் மெலிந்ததா என வினவிக் குடலை உட்காட்டிக் கருவியால் பார்த்துப் புற்று இல்லையென உறுதி செய்தார். தைராய்டையும், உட்கொள்ளும் பிற மருந்துகளையும் ஆராய்ந்தார். அதன் பின்னரே மாத்திரை. ஐந்து நாளும் பேதி மருந்து தொடலாகாது. தொட்டால் கணக்குப் பிழைபடும்.

“மருந்து இல்லாம அஞ்சு நாளா, ஐயா?”

“அஞ்சே நாள்தான் அம்மா. பொறுத்துக்குங்க.”

மூன்றாம் நாள் இரவு வயிறு பொருமிற்று. எழுந்து தலைமாட்டைத் தடவியவர் கைக்கு டின் அகப்படவில்லை. மருமகள் அதனை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மாமியாரும் கேட்கவில்லை, மருமகளும் சொல்லவில்லை. அந்த இரண்டு இரவுகளை மூதாட்டி உட்கார்ந்தே கழித்தார்.

ஐந்தாம் நாள் படத்தில் பதினொரு வளையங்கள் இருந்தன. ஒன்பது கீழே, மலக்குடலைச் சார்ந்த வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. குடல் முழுதும் சிதறியிருந்தால் குடலே சோம்பியது என்று கொள்ளலாம். இங்கோ வண்டி ஒழுங்காக ஓடிவந்து வாயிலில் நின்றுவிட்டது. படம் ஒன்றையே கொண்டு முடிவுகட்டாமல், மலக்குடலின் அழுத்தத்தை அளந்தனர். சிறு பலூனில் நீர் நிரப்பி வெளித்தள்ளச் செய்தும் பார்த்தனர். முக்கும்போது தளர வேண்டிய தசை, அவரிடம் மாறாக இறுகியது.

இதற்கு இலையும் தூளும் என் செய்யும்? தசையின் இயக்கத்தைத் திரையில் காட்டி, எப்பொழுது தளர்த்துவது எனப் பயிற்றுவதே மருந்து. இத்தாலியில் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான ஆய்வொன்றில், இப்பயிற்சி பெற்றோருள் ஆறு மாதத்தில் ஐவருக்கு நால்வர் பெரிதும் தேறினர்; மலமிளக்கி பெற்றோருள் ஐவருக்கு ஒருவரே தேறினார். எழுத்தறியாத மூதாட்டி அக்கோட்டின் ஏற்ற இறக்கத்தை இரண்டே அமர்வுகளில் படிக்கக் கற்றுக்கொண்டார். வீட்டில், காலைக் காப்பி அருந்திய சிறிது நேரத்தில், கால்களைச் சிறு பலகைமேல் உயர்த்தி அமர்வது, அவசரமின்மை. பெரட்டு மணி அடிக்காத காலைகளுக்கு அவர் இன்னும் முழுதாகப் பழகவில்லை.

இறுதி அமர்வு முடிந்து எழும்போது மூதாட்டி மருத்துவர் அருகே சென்று, மருமகள் காதில் விழாதவாறு, அந்தப் பதினொன்றும் போய்விட்டனவா என்று கேட்டார். எப்பொழுதோ போய்விட்டன என்றார் அவர். மூதாட்டி விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்து கொண்டு வெளியே நடந்தார்.