எட்டயபுரம் டு பிலடெல்பியா... தமிழில் பேசிய சூஃபி!

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ. கரிசல் காட்டைத் தாண்டினால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த வீட்டைப் பார்க்க வருபவர்கள், அப்படியே உமறுப்புலவர் தர்காவுக்கும் ஓர் எட்டு போய் வரலாம். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை 'சீறாப்புராணம்' எனத் தமிழில் பாடியவர் அடங்கியிருக்கும் இடம் அது.

இஸ்லாத்தைத் தமிழில் சொல்லும் இந்த வழக்கம் அமெரிக்கா வரை போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் நடத்திய சூஃபி ஞானி பாவா முகையத்தீன், 1971-ல் பிலடெல்பியாவுக்குச் சென்றார். அங்கேயும் அவர் பேசியது, பாடியது எல்லாம் தமிழில்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, யூதர்களும் கிறிஸ்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். சாப்பாடு சைவம், இலங்கைக் கறி வகைகள்.

பேச்சும் பாட்டுமாகத் தொடங்கிய கூட்டம், மெல்ல மெல்ல ஐந்து வேளைத் தொழுகைக்கு வந்தது. 1984-ல் சீடர்களே சேர்ந்து பள்ளிவாசல் கட்டினார்கள். 1986 டிசம்பர் 8-ல் பாவா மறைந்தார். பென்சில்வேனியாவில் கோட்ஸ்வில் அருகே, வயல்வெளிக்கு நடுவே அவருடைய தர்கா இருக்கிறது. அமெரிக்க மண்ணில் அது அபூர்வம்!

வாரிசாக இன்னொரு குரு வரவில்லை. பதிவு செய்த தமிழ் உரைகளும் மொழிபெயர்ப்பு நூல்களும்தான் வழிகாட்டி. ஆனால், 'இது இஸ்லாமா, மதங்களைக் கடந்த ஞானமா?' என்பதில் சீடர்களுக்குள்ளேயே இரு பார்வைகள் உண்டு. பாவாவை நேரில் பார்க்காத, தமிழும் தெரியாத அடுத்த தலைமுறை, அந்தப் பதிலை மொழிபெயர்ப்பில்தான் தேட வேண்டியிருக்கிறது.