பந்தில்லாத ஆட்டம்

கேரள நாட்டில் கால்பந்தாட்டம் பற்றி எழுதப் புகுவோர் மலப்புறத்து எழுவர் ஆட்டத்தையோ, 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுப் புல்லாவூர் ஆற்றில் நிறுத்தப்பட்ட மெஸ்ஸி, நெய்மர் முதலியோரின் பேருருவங்களையோ எழுதுவதே வழக்கம். நான் எழுத வந்ததோ பந்தே இல்லாத ஓர் ஆட்டம். கற்பனைக் கால்பந்து என்று அதற்குப் பெயர். எங்கள் லீக்குக்கு இது எட்டாவது பருவம். எட்டுப் பருவங்களாக அதன் காரியதரிசி நான். சம்பளம் இல்லை, வசவு உண்டு.

அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடுவோரிலிருந்து பதினைந்து பேரை நாம் பொறுக்கி அணி அமைக்க வேண்டும். கையில் 100 மில்லியன் பவுன், அதுவும் கற்பனைதான். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்கக் கூடாது. நாம் எடுத்தவர்கள் மெய்யான ஆட்டத்தில் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. மஞ்சள் அட்டை வாங்கினால் ஒன்று குறையும். தலைவன் என்று நாம் குறித்தவனுடைய புள்ளி இரட்டிப்பாகும். இவ்வாறு 38 வாரங்கள். கட்டணம் கிடையாது. இத்தகைய விளையாட்டை 1962-இல் வில்ஃபிரட் விங்கன்பாக் என்ற அமெரிக்கர் தம் நாட்டுக் கால்பந்துக்காக நண்பர்களோடு கூடி வகுத்தாராம். அவருடைய லீக்கிலும் சண்டை இருந்திருக்கும் என்பது என் துணிபு.

2018-இல், நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, மூணாற்றில் எஸ்டேட் லயத்துப் பையன்கள் எட்டுப் பேர் இதைத் தொடங்கினோம். எங்கள் தகப்பன்மார் ஃபின்லே கேடயத்துக்காகத் தோட்டத்துக்குத் தோட்டம் மோதியவர்கள். "பந்தைத் தொடாமல் என்னடா ஆட்டம்?" என்று அவர்கள் நகைத்தார்கள். பின்னர் சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் படிக்கப் போன எங்கள் நண்பன் ஒருவன் கொழிஞ்சாம்பாறைத் தமிழர் இருவரை இழுத்து வந்தான். பத்துப் பேர் ஆனோம்.

அங்கேதான் வழக்கு முளைத்தது. ஒவ்வொரு வாரமும் முதல் ஆட்டம் தொடங்குவதற்குத் தொண்ணூறு நிமிடம் முன்பு அணி பூட்டப்பட்டுவிடும். சனிக்கிழமை என்றால் பெரும்பாலும் நம் நேரம் பிற்பகல் மூன்றரை. அக்டோபர்க் கடைசியில் வெள்ளைக்காரன் தன் கடிகாரத்தைத் திருப்பிவைத்தபின் நாலரை. பாலக்காட்டுச் சமவெளியில் இருப்பவனுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. மலையில் மூன்றரை மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் நிற்பவனுக்கு, அதுவும் மழை நாளில், இணையம் என்பது தெய்வ சங்கற்பம். அணியை மாற்ற முடியாமல் தோற்றவன் முறையிட்டான். "சிக்னல் இல்லை என்பது பழைய சாக்கு. விதி விதிதான்" என்றார்கள் சமவெளிக்காரர்கள்.

அதற்கு மலைக்காரன் ஒருவன் உரக்கப் பேசாமல் பெட்டிமுடியை நினைவூட்டினான். 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை சரிந்து, லயங்களில் உறங்கிய தொழிலாளர் குடும்பங்களில் 70 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மழையில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தபடியால் அச்செய்தி வெளியுலகுக்கு எட்ட மறுநாள் காலையாயிற்று. "எங்க ஊர்ல சிக்னல் இல்லைங்கிறது சாக்கு இல்லடா" என்றான். அதற்குப் பின் அன்று யாரும் பேசவில்லை.

மறுவாரம் கொழிஞ்சாம்பாறைக்காரர்களே ஒரு வழி சொன்னார்கள். இணையம் ஏறாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தி தட்டுத்தடுமாறி வந்து சேரும். ஆகவே மலைக்காரன் தன் மாற்றத்தைக் காரியதரிசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். காரியதரிசி அவன் கணக்கில் அதைப் பதிந்து, வந்த வாசகத்தை அப்படியே எல்லாருக்கும் காட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் என் துன்பம் அன்றே தொடங்கிற்று. அந்த வாரம் ஆடத் தடை பெற்றவனை வாங்கச் சொல்லிச் செய்தி வரும். எச்சரித்தால் எதிராளி, "நீ எத்தனை அணிக்கு ஆடுகிறாய்?" என்பான். எச்சரிக்காவிட்டால் இவன் ஒரு மாதம் முகம் கொடுக்க மாட்டான். தபால்காரன் கடிதத்தைத் திருத்தலாகாது என்பதே என் கட்சி. இன்றும் அதில் நிற்கிறேன். அதனால் இரண்டு கல்யாணங்களில் எனக்குப் பந்தியில் கடைசி இலை கிடைத்தது!

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டாம் பருவத்தில் தலைக்கு நூறு ரூபாய் கட்டினோம், சண்டை வந்தது, விட்டோம். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய பொழுது, ஊரெங்கும் விளம்பரம் செய்த ட்ரீம்11 கூடத் தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. தோற்றவன் பொங்கலுக்கு ஊர் வரும்போது பரோட்டா வாங்கித் தர வேண்டும். அதை எந்தச் சட்டமும் தடுக்காது.

பெரிய தலைவலி கைவிடப்பட்ட அணிதான். மொத்தப் புள்ளியை வைத்து வரிசைப்படுத்திய காலத்தில், ஜனவரிக்குள் முந்நூறு புள்ளி பின்தங்கியவன் எட்டிப்பார்ப்பதையே நிறுத்திவிடுவான். ஆகவே வாரம் ஒருவனோடு ஒருவன் மோதும் முறைக்கு மாறினோம். கடைசியில் இருப்பவனும் முதல்வனைக் கவிழ்க்கலாம் என்ற ஆசை இருக்குமல்லவா? பயன் ஓரளவே. 2024-25 பருவத்தில் எங்களில் ஒருவன் துபாய்க்கு வேலைக்குப் போனான். செப்டம்பருக்குப் பின் அவன் அணியை யாரும் தொடவில்லை. அவ்வணியின் தலைவன் லிவர்பூல் சலா. சலாவோ அப்பருவத்தில் 29 கோல், 18 உதவி, 344 புள்ளி என்று இவ்விளையாட்டின் சாதனையையே முறியடித்தார். தலைவன் ஆகையால் அத்தனையும் இரட்டிப்பு. வாரந்தோறும் கண்விழித்துக் கணக்குப் போட்ட ஆறு பேருக்கு மேலே, ஆளில்லாத அணி நான்காவதாக நின்றது! வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் சேர்க்காத சோதனைக் குழாய் ஒன்றை ஒப்பீட்டுக்காகத் தனியே வைப்போம். எங்கள் உழைப்பின் பெறுமதியை அந்தக் குழாய் காட்டிவிட்டது.

அவனை நீக்கிவிட வேண்டுமென்று நால்வர் எழுதினார்கள். வெறும் அணிக்கு வெற்றி போவது நியாயமா என்பது அவர்கள் வாதம், நியாயம்தான். நான் ஒப்பவில்லை. பத்துப் பேரில் இருவர் திருப்பூரில், ஒருவன் கொச்சியில். என்னைப் போலப் படிக்கப் போனவர் இருவர். மலையிலே மிஞ்சியவர் இருவர்தாம். கடிதம் எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. "அவனை ஏன் தலைவனாக்கினாய்?" என்று கேட்டால்தான் அரைமணி ஓடும். பெயரை அழித்தால் துபாயில் இருப்பவனிடம் என்ன கேட்பது?

ஆறு பேர் என் பக்கம் நின்றார்கள். இப்பருவம் தொடங்கியபொழுது துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை இரவே செய்தி வந்தது: பதினைந்து பெயர், கீழே ஒரு வரி. "மறுநாள் வேலை. நீயே பதிஞ்சுரு. கோப்பை வந்தா நான் ஜெயிச்சேன்னு சொல்லு, அணி ஜெயிச்சுதுன்னு சொல்லாத."