பாம்புக்கு உள்ளே சாப்பாடு கொடுப்பதா, வெளியே எடுத்தா?

போன மாரியில் எங்கள் வீட்டில் நடந்த விசயம் இது. பாம்பு என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இருபது வருசத்துக்குப் பிறகு புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் காணி பற்றைக் காடாகிக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கிய நாட்களில் புடையனும் நாகமும் மாறி மாறி வந்தன. இன்றைக்கும் இரவில் டோர்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்க மாட்டோம். பாம்பை ஆசைக்கு வளர்ப்பது எங்களுக்கு விளங்காத கதை.

ஆனால் லண்டனில் இருக்கிற தங்கச்சியின் மகன் ஒன்று வளர்க்கிறான். கோர்ன் ஸ்நேக் என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்தது, நஞ்சில்லாதது. கடையில் விற்கும் உறைய வைத்த எலியை வாங்கி, இளக வைத்து, சூடாக்கிக் கொடுப்பான்.

தொடக்கத்தில் அவன் பாம்பைக் கூட்டில் இருந்து தூக்கி, வேறொரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டுத்தான் சாப்பாடு கொடுத்தான். கூட்டுக்குள்ளேயே கொடுத்தால், மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் சாப்பாடு வருகிறது என்று நினைத்துக் கையைக் கடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்க எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நடந்தது வேறு. எலியை விழுங்கிய கையோடு திரும்பத் தூக்கும்போது ஒருநாள் விரலைக் கடித்தது. இன்னொரு நாள் விழுங்கியதைக் கக்கிவிட்டது. வயிறு நிறைந்த பாம்புக்கு வேண்டியது சூடும் அமைதியும். அந்த நேரத்தில் தூக்கி அலைத்தால் அது பயப்படும், செமிக்காது. பசி வெறி அடங்காத பாம்புக்குக் கையும் எலியும் ஒன்றுதான்.

இப்போது உள்ளேயே கொடுக்கிறான். நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து நீட்டுவான். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடமாட்டான். மற்ற நாட்களில் தூக்குவதற்கு முன் ஒரு கம்பியால் மெதுவாகத் தொடுவான். இது சாப்பாடு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பாம்பும் அதைப் பழகிவிட்டது. ஒரே கூட்டில் இரண்டு இருந்தால் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பிரிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே எலியைக் கவ்விக்கொள்ளும் என்றான்.

இதையெல்லாம் வட்ஸ்அப்பில் வாய் பார்த்துக்கொண்டிருந்தவன் எங்கள் மகன். பதினொரு வயது.

மழை விட்ட ஒரு காலையில் கோழிக்கூட்டு வலையில் ஒரு வெங்கிணாந்திக் குட்டி சிக்கியிருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் முடிந்து வருவதற்குள் அதை வெட்டி எடுத்து, பழைய பரலுக்குள் போட்டுப் பலகையால் மூடி வைத்துவிட்டான். நாங்கள் வாசலில் நுழையும்போது ஒரு கையில் கோழிக்குஞ்சு, மறுகையில் போன்.

“மச்சான், உள்ளுக்கே போடவா, வெளிய எடுத்துக் குடுக்கவா?”

லண்டன்காரன் பதறிப்போனான். “உன்ர கைய முதல்ல பாரு. கோழி மணம். அதுவும் சூடான கை. உள்ளுக்கு விட்டிராத!”

வெங்கிணாந்தியின் உதட்டோரத்தில் சூட்டை உணரும் குழிகள் உண்டு. இருட்டுப் பரலுக்குள் கோழி மணத்தோடு இறங்குகிற சூடான கையை அது வேறு எதுவாக நினைக்கும்? அதற்கு நஞ்சில்லை. ஆனால் பல்லெல்லாம் உள்நோக்கி வளைந்தவை. கவ்வினால் இழுத்துப் பிடுங்க முடியாது.

குஞ்சைத் தாயிடம் விட்டுவிட்டு மகனை உட்கார வைத்தோம். காட்டில் பிடித்த பாம்பு பயத்திலேயே வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும் என்று சொன்னோம். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வெங்கிணாந்தியைப் பிடித்து வைப்பதே குற்றம் என்றும் சொன்னோம். அவன் தலையை ஆட்டினானே தவிர முகம் தெளியவில்லை. கடைசியில் அவனுடைய உம்மா, பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைவுபடுத்தினாள். அவள் தானும் உணவு கொடுக்கவில்லை, அது தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காகத்தான் தண்டிக்கப்பட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் பரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “அப்ப வாப்பா, இது சாப்பிடாட்டி அது எங்கட பாவமா?”

ஓம் என்றோம்.

வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அழைத்தோம். வந்து எடுத்துப் போனார்கள். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு நாங்கள் ஏசவும் இல்லை.

உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி கூட்டில் பிறந்து கூட்டில் வளர்ந்த பாம்புக்கு உரியது. அதற்கு உள்ளேதான் சரி. எங்கள் வன்னிப் பாம்புக்கு வெளியே. வெளியே என்றால் பிளாஸ்டிக் பெட்டி இல்லை, காடு. பிள்ளைகள் எதையாவது பிடித்து அடைத்து வைத்திருந்தால் உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். அதற்கு யார் சாப்பாடு கொடுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.